நீங்கள் யாரையும் கடிக்கவில்லை, அப்பா

தலை சீவி இழுத்து, சேட்டின் கடைசிப் பொத்தானையும் பூட்டிய பிறகே பெற்ற பிள்ளைக்கும் முகம் காட்டுகிற என் அப்பாவுக்கு,

போன வியாழக்கிழமை நான் பலெர்மோவிலிருந்து பகேரியாவுக்குப் போனேன். உங்களை வைத்திருந்த அந்த முதியோர் இல்லத்துக்குத்தான். நீங்கள் உள்ளே இல்லாமல் அந்த இரும்புக் கேற்றடியில் நின்று மணியை அழுத்தியது இதுதான் முதல் தடவை. பழிவாங்கத்தான் போனேன். அதை உங்களுக்கு மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிவிட்டது. அதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மறதி நோய் வந்தவர்கள் கத்தினால், அடித்தால், சாப்பாட்டைத் தட்டிவிட்டால், மருந்தை எடுக்க முதல் என்ன செய்து பார்க்கலாம் என்று முதியோர் இல்லங்களுக்குப் போய் அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஓம், நான்தான். பூசையில் வாசகம் வாசிக்கச் சொன்னால் காய்ச்சல் வருகிற உங்கள் மகள்தான்.

இந்த வருடம் போகவேண்டிய இல்லங்களின் பட்டியலை எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் மேசையில் வைத்தபோது அந்தப் பெயர் அதில் இருந்தது. தூரம் என்று ஒருவருக்கும் விருப்பமில்லை. நான் கையை உயர்த்தினேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கை உயர்ந்து அவள் கண்டதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா இன்னும் வியா மக்வேதா தெருவில் அதே விடுதியில்தான் அறை துப்புரவாக்குகிறா. வேலையால் வந்து, காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தா.

“அங்கையோ போறாய்?”

“ஓம்.”

“படிப்பிக்கவோ, பழிவாங்கவோ?”

“ரண்டுக்கும்தான்.”

அம்மா ஒரு வாய் குடித்தா. “ஃபாதர் போன ஞாயிறும் மன்னிக்கச் சொல்லித்தான் பிரசங்கம் வைச்சவர்.”

“அப்ப போக வேண்டாமோ?”

“ஃபாதருக்கென்ன பிள்ளை. அவரின்ரை இடுப்பிலை கட்டின சாரத்தை ஒருத்தரும் உரியேல்லையே. நீ போ. உந்தச் சாம்பல் சட்டையோடை போகாதை, செத்தவீட்டுக்குப் போற மாதிரிக் கிடக்கு. நீலத்தைப் போட்டுக்கொண்டு போ.”

நீலத்தைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிக்கப் போகிறார்கள், அப்பா. எங்கள் கோயில் ஆட்களும் வாசிப்பார்கள். “அவர் கடைசியிலை ஆக்களைக் கடிச்சவராம்” என்று பூசை முடிந்து படிக்கட்டில் நின்று கதைத்தவர்களும் அதில் இருப்பார்கள். அந்த ஒரு சொல்லை உங்கள் பெயருக்குப் பக்கத்திலிருந்து எடுக்கவேண்டும். அதற்காகத்தான் உங்களுக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்கிறேன்.

மறதி பிடித்த மனிதரை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு முதலில் காட்டியது பல்கலைக்கழகமில்லை. நீங்கள் பதினொரு வருடம் சம்பளத்துக்கு ஒரு கிழவரைப் பராமரித்தீர்கள். இஞ்சை ஆட்கள் அவரை அவ்வொகாத்தோ என்பார்கள். வழக்குப் பேசுகிறவரை ஊரில் என்னவென்று சொல்வோமோ அதையே சொல்லி, நீங்கள் அவரை அப்புக்காத்தர் ஆக்கிவிட்டீர்கள். பின்னேரம் நாலு மணியானால் அப்புக்காத்தருக்கு நீதிமன்றம் போகவேண்டும். அவரின் பிள்ளைகள் கதவைப் பூட்டினார்கள். அவர் கதவைக் கைத்தடியால் அடித்தார். நீங்கள் வந்த இரண்டாம் கிழமை என்ன செய்தீர்கள்? அவருக்குக் கோட்டை மாட்டி, நீங்களும் ஒரு கோட்டைப் போட்டு, பழைய கோப்பு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கி, மூலையில் இருந்த பாருக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஆளுக்கொரு கோப்பி. பிறகு, “அவ்வொகாத்தோ, இண்டைக்கு வழக்குத் தள்ளிப் போட்டாங்களாம்.” பலெர்மோவில் வழக்குத் தள்ளிப்போனதை நம்பாத வழக்கறிஞர் உண்டா? அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தார். பதினொரு வருடம் ஒவ்வொரு நாளும் அந்த வழக்குத் தள்ளிப்போனது.

குளிக்க வார்க்கும்போது அவர் மடியில் ஒரு துவாயைப் போட்டுவிட்டுத்தான் வார்த்தீர்கள். அவர் கேட்கவில்லை. “பெரிய மனிசன். என்னட்டை ஏன் வெட்கப்பட வேணும்?” என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு உங்களுக்கே வந்தது. அறுபத்தைந்து வயதுகூட முடியவில்லை. நாங்கள் இருக்கிற கால்சாவின் ஒழுங்கைகளில், முப்பது வருடம் நடந்த ஒழுங்கைகளில், வீட்டைத் தேடினீர்கள். அடுப்பைத் திறந்துவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடினீர்கள். அம்மா வேலைக்குப் போகவேண்டும், நான் படிக்கவேண்டும். பகேரியாப் பக்கம் ஓர் இடம் இருக்கிறது என்றார்கள். ரெயினில் போய் வரலாம் என்பதுதான் அந்த இடத்தைப் பற்றி எங்களுக்குப் பிடித்த ஒரே விடயம்.

முதல் கிழமை உங்களைக் குளிக்க வார்க்கவில்லை. பழகட்டும் என்று விட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க நீங்கள் நல்ல மனிதர். எல்லோருக்கும் கதிரை இழுத்துக் கொடுத்தீர்களாம். பிறகு செவ்வாயும் வெள்ளியும் குளிப்பு நாள் என்று வந்தது. செவ்வாய் நீங்கள் ஒருவரைக் கடித்தீர்கள் என்றார்கள். வெள்ளி ஒருவரைத் தள்ளி விழுத்தினீர்கள் என்றார்கள். இரண்டாம் செவ்வாய்க்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: வைத்தியர், ஒரு தாதி, அந்த இல்லத்தின் பொறுப்பாளர் சின்யோரா தொனத்தெல்லா. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட, கெட்டிக்கார, வேகமான ஐம்பது வயதுப் பெண். நோய் முற்றுகிறது, ஆக்ரோஷம் வருவது வழமை, சில துளி மருந்து கொடுத்தால் அடங்கும் என்று அவ சொன்னா. நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“அவர் சாரத்தோடைதானே குளிக்கிறவர்,” என்றா அம்மா. “உரிஞ்சுபோட்டு நிக்கவைச்சா அடிக்காமல் என்ன செய்வார்? சொல்லு பிள்ளை.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் இத்தாலியனில் சொன்னது: “வீட்டில் அவர் அமைதியாக இருந்தார் என்று அம்மா சொல்கிறா.”

இதை இவ்வளவு நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் அப்பாவின் உடம்பைப் பற்றி, அவர் உடுத்திருந்தது உரிந்தது பற்றி, முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் நான் எப்படிக் கதைப்பது என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி இது: இவர்கள் துணியைக் கட்டிக்கொண்டு குளிக்கிற ஆட்கள் என்று அவர்கள் எங்களைப் பார்க்கக்கூடாது என்றும் நினைத்தேன். எங்கள் பல்கனியில் தினமும் காய்ந்த உங்கள் ஈரச் சாரத்தை எதிர்வீட்டு சின்யோரா “கொடி ஏத்தியாச்சு” என்று பகிடி பண்ணும்போது வருகிற அதே வெட்கம். மருந்துக்குச் சம்மதம் கேட்கிற படிவத்தை நீட்டினார்கள். அம்மா கையெழுத்து வைத்தா. அவவின் விரலுக்குப் பக்கத்தில் எந்த இடம் என்று காட்டியது என் விரல்.

மூன்று கிழமைக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை. பேராசிரியை கரும்பலகையில் மூன்று பத்தி கீறினா. முதலாவதில், அதற்குச் சற்று முதல் என்ன நடந்தது. நடுவில், அந்த ஆள் என்ன செய்தார். மூன்றாவதில், அதற்குப் பிறகு என்ன நடந்தது. கத்துவதும் அடிப்பதும் நோய் மட்டும் இல்லை, சொல்ல வார்த்தை இல்லாதவர் சொல்கிற செய்தியாகவும் இருக்கலாம் என்றா. முதலாவது பத்தியை நிரப்பாமல் மருந்தை எடுக்காதீர்கள் என்றா. நான் கொப்பியில் வடிவாக எழுதினேன்.

அடுத்த நாளே உங்கள் சாரம் இரண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரெயின் ஏறினேன். தொனத்தெல்லாவை நடைவழியில் மறித்தேன். மறித்தேன் என்பது பெரிய சொல்; சுவரோடு ஒட்டி நின்றேன். அப்பா குளிக்கும்போது இதை உடுத்தியிருக்க விடமுடியுமா என்று கேட்டேன். அவவுக்கு முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டது.

“சின்யொரீனா, காலமை பத்து மணிக்குள்ளை பதினொரு பேரைக் கழுவவேணும், இருக்கிறது ரண்டு பேர். ஒவ்வொரு நாட்டின்ரை வழக்கத்துக்கும் ஒவ்வொரு குளிப்பு வைக்க ஏலாது. ஈரத்துணி சுகாதாரத்துக்கும் சரியில்லை.”

நான் “நன்றி” என்றேன். யோசித்துப் பாருங்கள், அப்பா. நன்றி சொன்னேன். ரெயினில் திரும்பி வரும்போது பையில் சாரம் இரண்டும் அப்படியே இருந்தன.

துளிகள் தொடர்ந்தன. நீங்கள் அடங்கினீர்கள். கதிரை இழுத்துக் கொடுப்பதையும் விட்டீர்கள். நடக்கும்போது கால் ஒன்றையொன்று தட்டியது. அந்தப் பாடத்தின் வாய்மொழிப் பரீட்சையில் எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது. அதே மாதம் நீங்கள் நடையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பவில்லை. விழுந்த அன்று தொனத்தெல்லா அம்மாவுக்குத் தன் கையால் கோப்பி போட்டுக் கொடுத்தா, பக்கத்தில் இருந்து தோளைத் தடவினா. அதையும் எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வழக்குப் போடு என்றார்கள் சிலர். அப்புக்காத்தரின் வழக்கை நினைத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக உங்கள் கோப்பின் பிரதியைக் கேட்டு இல்லத்துக்கு எழுதினேன். தந்தார்கள், சட்டப்படி தரவேண்டும். அதை ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று இப்போதும் சொல்வேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

சாப்பாட்டு மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சூப் மணம். இருபது பேர் இருப்பார்கள். தொனத்தெல்லா கதவுப் பக்கம் இருந்தா. என்னைப் பார்த்துச் சிரித்தா, கை தந்தா, அடையாளம் காணவில்லை. அந்த இடத்தில் எனக்கு எப்போதாவது முகம் இருந்ததா? அவ கண்டதெல்லாம் என் உச்சந்தலையைத்தான்.

என் திட்டம் இதுதான்: உங்கள் கதையைப் பெயரில்லாமல் சொல்வது, காரணத்தை அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பது, கடைசியில் இது இந்த வீட்டில் நடந்தது, சொன்னபோது மறுத்தது இவ என்று அவவைக் காட்டுவது. எல்லோருக்கும் முன்னால். அவவின் ஆட்களுக்கு முன்னால். எழுதிவைத்து, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கியிருந்தேன்.

முதல் ஒரு மணித்தியாலம் வழமையான பாடம். முன்பக்கமாக வாங்கோ, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கோ, ஒரு நேரத்தில் ஒரு விடயம் மட்டும் சொல்லுங்கோ, வாக்குவாதப்படாதேங்கோ. வேறோர் இல்லத்தில் படுக்கை விரிப்பைக் கிழித்துக்கொண்டே இருந்த ஒரு பழைய தையல்காரியின் கதையைச் சொன்னேன். அவவின் கையில் பழைய பாவாடைகளைக் கொடுத்து மடிப்புப் பிரிக்கச் சொன்னதும் விரிப்புகள் தப்பிவிட்டன. சிரித்தார்கள். பலகையில் மூன்று பத்தியையும் கீறினேன். “அநேகமான இடத்திலை நடுப்பத்தி மட்டும்தான் நிரம்பியிருக்கும்,” என்றேன். குரல் நடுங்கவில்லை, அப்பா. நானே ஆச்சரியப்பட்டேன்.

பிறகு உங்களைச் சொன்னேன். “ஒரு மனிதர். வீட்டில் யாருக்கும் கை நீட்டாதவர். இல்லத்துக்கு வந்தபிறகு கிழமையில் இரண்டு நாள், குளியலறையில் மட்டும், தள்ளுகிறார், கடிக்கிறார். முதலாம் பத்தியில் என்ன எழுதுவீர்கள்?”

அவர்கள் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

“தண்ணி குளிரோ?” என்றா முன்வரிசையில் இருந்த என்சா. கை இரண்டும் சவர்க்காரத்தில் வெந்து சிவந்த, வாய்க்காரப் பெண்.

“இல்லை. சுடுதண்ணி.”

“எங்கையாவது நோவு இருந்திருக்கும்.”

“சோதிச்சுப் பார்த்தவை. இல்லை.”

“எந்த நாட்டு ஆள்?”

“இலங்கை.”

“அப்ப யுத்தம்தான்,” என்றார் பின்னால் இருந்த ஒருவர். “யுத்தத்திலை ஏதாவது செய்திருப்பாங்கள்.” எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறுதலோடு ஆட்டினார்கள். யுத்தம் என்றால் அந்த அறையில் ஒருவரும் குற்றவாளியில்லை. சவர்க்காரம் பிடித்த கையும் குற்றமில்லை.

அப்போது சல்வோ எழும்பினான். உங்களைக் குளிக்க வார்த்தவன், நீங்கள் கடித்ததாகக் கோப்பில் எழுதியிருப்பவன். கதை தொடங்கியதிலிருந்து அவன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது யுத்தமில்லை,” என்றான். “அந்த மனிசனை எனக்குத் தெரியும். இடுப்பிலை துவாயைச் சுத்திக்கொண்டுதான் குளியலறைக்கு வந்தவர். நான் அதைக் கழட்டப் போனன். அவர் துவாயின்ரை ஓரத்தைத் தூக்கிப் பல்லாலை கவ்விக்கொண்டார். ரண்டு கையாலையும் எதையோ தேடினார், என்னவெண்டு எனக்கு விளங்கேல்லை. நான் துவாயை இழுத்தன். அவர் விடேல்லை. என்ரை விரல் துணிக்குள்ளை மாட்டுப்பட்டுது.” விரலைத் தூக்கிக் காட்டினான். “அவர் கடிச்சது துவாயை. என்ரை விரல் இடையிலை போனது. கடிச்சார் எண்டு எழுதச் சொன்னவை, எழுதினன்.”

அப்பா, இது என் தாளில் இல்லை. இது எனக்குத் தெரியாது.

ஆனால் கேட்ட உடனே தெரிந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது ஒரு ஞாயிறு அஸ்ப்ராக் கடற்கரைக்குப் போனோம். நீங்கள் சாரத்தோடு கடலில் முழுகிவிட்டு வந்து, காய்ந்த சாரத்தைத் தலைக்கு மேலால் போட்டு, அதன் ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு, உள்ளே ஈரத்தை அவிழ்த்து விழுத்தினீர்கள். எங்கள் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் மாற்றுவார்கள். வாய் பிடிக்கும், கை மாற்றும், ஓர் அங்குலம் வெளியில் தெரியாது. என் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். நான் உங்களைத் தெரியாதவள்போல் ஐஸ்கிறீம் கடைப் பக்கம் நடந்தேன்.

எல்லாவற்றையும் மறந்த பிறகும் உங்கள் வாய் அதை மறக்கவில்லை. ஈரம் வரப்போகிறது, ஒன்றைப் பல்லில் பிடி, மற்றதைத் தேடு. நீங்கள் அந்தக் குளியலறையில் தேடியது காய்ந்த சாரத்தை. அந்த வீட்டில் ஒருவருக்கும் அது தெரிய வழியில்லை. தெரிந்த ஒருத்தி கடற்கரையில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள்.

சல்வோவுக்கு நான் சாரம் என்றால் என்ன என்று விளக்கினேன். பலகை துடைக்கும் துணியைப் பல்லில் கவ்விக் காட்டினேன். இருபது பேருக்கு முன்னால். ஒருவரும் சிரிக்கவில்லை.

“அப்ப அவர் சண்டை பிடிக்கேல்லை,” என்றா என்சா. “உடுப்பு மாத்தப் பாத்திருக்கிறார்.”

அப்போதுதான் கதவுப் பக்கத்திலிருந்து தொனத்தெல்லாவின் குரல் வந்தது. “இது எங்கடை ஆளைப் பற்றின கதைபோலத்தான் கிடக்கு. எங்களுக்கு எப்பிடித் தெரியும்? குடும்பத்தார் ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செய்திருப்பம்.”

நான் எதிர்பார்த்ததைவிட நல்லது இது. நான் இழுத்து வரவேண்டியிருக்கவில்லை, அவவாகவே வந்தா. பையிலிருந்து கோப்பை எடுத்தேன். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசித்தேன், வாசகம் வாசிப்பதுபோல் ஆறுதலாக: “குளிப்பின்போது துணி உடுத்தியிருக்க விடும்படி மகள் கேட்டார். நடைமுறைக்கு ஏற்றதல்ல.” கீழே இருந்த ஒப்பத்தையும் தூக்கிக் காட்டினேன். அது யாருடையது என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் அந்தக் கிறுக்கல் தெரியும். அவர்களின் விடுமுறைக் கடிதமெல்லாம் அதே கிறுக்கலால்தான் திரும்பி வருகிறது.

தொனத்தெல்லா கதிரையிலிருந்து பாதி எழும்பினா. கண்ணாடியை எடுத்து மாட்டினா, என்னைப் பார்த்தா, கழற்றினா. இப்போது எனக்கு முகம் இருந்தது. எனக்கு அது இனித்தது, அப்பா. மன்னிப்பில் இப்படி ஓர் இனிப்பு இருக்கிறதென்று ஃபாதர் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அந்த இடத்தில் முடித்திருக்கலாம். ஆனால் என்சா விடவில்லை. “அந்த மகள் ஒருக்காத்தான் கேட்டவளோ?” என்றா. “என்ரை தகப்பனெண்டா இந்தக் கேற்றை நான் உடைச்சிருப்பன்.”

என்சா என்னை யாரென்று தெரியாமல்தான் கேட்டா. எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இல்லை, பலமுறை கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். கோப்பு என் கையில் இருக்கிறது, யார் வாங்கிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அப்படிச் சொன்னால் எனக்கும் கதவுப் பக்கம் இருந்தவவுக்கும் என்ன வித்தியாசம்?

“ஒருக்காத்தான்,” என்றேன். “அதுவும் மெல்லிய குரலில். அதுக்கு முதல், தாய் சொல்லச் சொன்னபோது அவள் மொழிபெயர்க்கேல்லை. வெட்கப்பட்டாள். அந்த மகள் நான்தான்.”

சூப் சட்டியின் மூடி அடுப்பில் ஆடுகிற சத்தம் கேட்டது. சல்வோ வந்து எனக்குக் கதிரை இழுத்துப் போட்டான். நான் இருக்கவில்லை. இருந்தால் அழுதிருப்பேன், அவவுக்கு முன்னால் அழக்கூடாது என்பது திட்டத்தில் இருந்தது.

பிறகு பலகையில் முதலாம் பத்தியை அவர்களே நிரப்பினார்கள். மேல்மாடியில் குளிப்பு நாளில் கூக்குரலிடுகிற ஒரு கிழவி இருக்கிறாவாம். அவவுக்கு ஒரு பழைய பருத்திச் சட்டையைப் போட்டபடியே வார்த்துப் பார்ப்போம் என்றா என்சா. இரண்டு துவாய் வேண்டும், ஒன்று நனைய, ஒன்று மூட, என்றான் சல்வோ. எவ்வளவு நேரம் கூடும் என்று யாரோ கேட்டார்கள். “கடி வாங்கிப்போட்டு அறிக்கை எழுதிற நேரம் மிச்சம்தானே,” என்றா என்சா. இவ்வளவுதான், அப்பா. ஒரு துவாய். உங்களுக்கும் துளிக்கும் நடுவில் ஒரு காய்ந்த துவாய் இருந்திருக்கவேண்டும்.

வெளிக்கிடும்போது தொனத்தெல்லா நடையில் நின்றா. நான் முன்பு ஒட்டி நின்ற அதே சுவர். இந்த முறை சுவரோடு நின்றது அவ.

“எனக்குக் கவலையாக் கிடக்கு,” என்றா. “உண்மையிலை.”

“எனக்குக் கவலை வேண்டாம். எழுதித் தாங்கோ.”

“என்னத்தை?”

“அவர் கடிக்கேல்லை எண்டு. உங்கடை கையால. சல்வோ சொன்னதை அப்படியே. அந்தக் கோப்பிலை.”

“முடிஞ்ச கோப்பைத் திறக்க ஏலாது, சின்யொரீனா. நிர்வாகத்திட்டைக் கேட்கவேணும். அவை விடமாட்டினம்.”

“அப்ப கேளுங்கோ.”

அவ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. “என்னைத் தண்டிக்கப் பாக்கிறியோ?”

“ஓம்,” என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு அவவின் மொழியிலும், நடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். மேல்மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டேன்: அந்த இல்லத்துக்கு மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து போகவேண்டியிருக்கிறது, நான் போகிறேன் என்று. நல்ல பிள்ளை என்றார்கள், தூரம் பார்க்காத பிள்ளை என்றார்கள். ஒவ்வொரு முறையும் நான் படிவங்களைக் கேட்டு வாங்கி முதலாம் பத்தியைப் பார்ப்பேன். வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேட்பேன், எல்லோருக்கும் முன்னால். குளியலறைக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்பேன். போகும்போது அவவின் கதவைத் தட்டி, எழுதியாச்சா என்று கேட்பேன். என்னால் அங்கே இனி ஒருவரும் அம்மணமாக நின்று சண்டை பிடித்ததாகப் பெயர் வாங்காமல் போகலாம். அது நல்ல காரியம்தான். ஆனால் நான் அதற்காக மட்டும் போகவில்லை என்று உங்களுக்கும் அவவுக்கும் எனக்கும் தெரியும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மொழிபெயர்க்காமல் விட்டதையும் சேர்த்து. அம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்தா. “எனக்கு அப்பவே விளங்கினது,” என்றா கடைசியில். “நான் சொன்னது அவ்வளவு நீளம், நீ சொன்னது இவ்வளவுதானே.” பிறகு எழும்பிப் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தா. அவ என்னை மன்னித்தாவா? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நீங்கள்?

வாக்குத் தருகிறேன், அப்பா. அந்த வரியை அவ எழுதும்வரை நான் அந்த மணியை அழுத்திக்கொண்டே இருப்பேன். அவ ஓய்வுபெற இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். எனக்கு இருபத்தேழு வயது.

குரல் வந்து சேரப் பிந்திப்போன,
உங்கள் ஒரே மகள்